பொன்குஞ்சுக்காரர்

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதற்குக் கைப்பிரதியும் விலக்கில்லை. "தயங்காமல் குறை சொல்லுங்கள்" என்றுதான் பொன்குஞ்சுக்காரர் அதை நீட்டுவார். நம்பி எவராவது வாயைத் திறந்தால் தொலைந்தார். ஏழாம் அத்தியாயம் இழுக்கிறதா? அது காவிரியின் நடை. நாயகியின் பெயர் பாதியில் மாறுகிறதா? அது குறியீடு. அச்சுப்பிழைக்கும் ஒரு தத்துவம் வைத்திருப்பார். விளக்கமெல்லாம் அருமை, கைப்பிரதியில்தான் அதில் ஒன்றும் இல்லை. விற்கும் பிரதிதோறும் ஆசிரியரையும் சேர்த்துக் கட்டி அனுப்பப் பதிப்பகத்துக்குக் கட்டுப்படியாகுமா? எழுத்தின்மேல் காதல் என்று பேர். உண்மையில் காதல், தாம் பட்ட பாட்டின்மேல். அந்தி வருணனைக்கு மூன்று இரவு கண்விழித்த கூலியை வாசகரிடம் கேட்கிறார். வாசகரோ கொலை நடந்த வீட்டுக்குள் நுழையத் துடிக்கிறார். வாசலிலேயே நிறுத்தி அந்தியைக் காட்டினால் வேறு வீடு பார்த்துக்கொள்வார்.

பற்றில்லாமல் யார்தான் எழுதுவார் என்று கேட்கலாம். நியாயம். வால்ட் விட்மன் 1855-இல் 'புல்லின் இதழ்கள்' வெளியிட்டுவிட்டு, பெயர் போடாமல் தம் நூலுக்குத் தாமே புகழுரை எழுதினார். ஆனால் 12 கவிதைகளோடு வந்த அந்த நூலைக் கடைசிவரை திருத்திக்கொண்டும் இருந்தார். அந்தப் பற்று வேலை வாங்கியது. நம்மவருடையது காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது. கத்தரியும் தப்புச் செய்யுமே என்பது அடுத்த தடை. செய்யும். ரேமண்ட் கார்வரின் 1981-ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பைப் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் பாதிக்குப் பாதி வெட்டினார். வெட்டுப்படாத வடிவம் 2009-இல் வந்தபோது அதுவே மேல் என்றவர்களும் உண்டு. மறுபுறம், எஸ்ரா பவுண்டின் பேனாவால் ஏறத்தாழ பாதியாய்க் குறைந்துதான் எலியட்டின் 'பாழ்நிலம்' 1922-இல் வெளிவந்தது. பின்னால் எலியட் அதைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார். ஆக, சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. காது கொடுத்தால் போதும். பொன்குஞ்சுக்காரரோ கத்தரியைக் காணும் முன்பே காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்கிறார்.

இந்தக் குணம் புதிதல்ல. மருந்து கைவிட்டுப் போனதுதான் புதிது. தொல்காப்பியரே அதங்கோட்டாசான் முன்னிலையில்தான் தம் நூலை அரங்கேற்றினார் என்கிறது பாயிரம். அரங்கேற்றத்தில் தடையும் உண்டு, விடையும் உண்டு. இன்றைய வெளியீட்டு விழாவில் பொன்னாடை மட்டும் உண்டு. அங்கே தடை எழுப்புகிறவருக்கு அடுத்த விழா அழைப்பிதழ் வராது.