வினைக்கட்டுப்பாட்டுக் காரணியை ஒரே பார்வையில் பிடிப்பது எப்படி?

கணக்கு இதுதான்: 24 கிராம் மக்னீசியம், 20 கிராம் ஆக்சிஜன். எரித்தால் எத்தனை கிராம் மக்னீசியம் ஆக்சைடு? எது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்தும்? பேனாவை எடுங்கள். பயம் வேண்டாம், நீங்கள் எப்போதும் செய்வதைத்தான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. கிராமைப் பாருங்கள். 24ஐவிட 20 சின்னது. ஆக்சிஜன்தான். கட்டம் கட்டுங்கள். இலையை எண்ணாமல் சாம்பார் அண்டாவை எட்டிப் பார்த்தே பந்திக்கு ஆள் கணக்குச் சொல்பவர் நம் ஊரில் இல்லையா?

2. "மோலுக்கு மாற்று" என்று யாராவது வற்புறுத்தினால் மாற்றிவிடுங்கள். 24ஐ 24ஆல் வகுத்தால் மக்னீசியம் 1 மோல். 20ஐ 32ஆல் வகுத்தால் ஆக்சிஜன் 0.625 மோல். மறுபடியும் ஆக்சிஜனே சின்னது! இரண்டு வழியிலும் ஒரே விடை. இன்னொரு கட்டம் கட்டுங்கள்.

3. இத்தோடு நிறுத்துங்கள். சமன்பாட்டில் மக்னீசியத்துக்கு முன்னால் ஒரு 2 நிற்கும். அதன் கண்ணில் படாமல் நழுவுங்கள். 1 மோலை அந்த 2ஆல் வகுத்தீர்களோ, 0.5 வந்து தொலைக்கும். ஆக்சிஜனின் 0.625ஐவிட அது சின்னது. அப்புறம் மக்னீசியம்தான் முதலில் தீரும் என்றாகி, 40 கிராம் ஆக்சைடு, 4 கிராம் மிச்ச ஆக்சிஜன் என்று நாலு வரியில் கதை முடிந்துவிடும். கூடுதல் தாள் வாங்கவே வழியிருக்காது.

4. ஆக்சிஜனை 16ஆல் வகுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்று மட்டும் அதை விட்டுவிடுங்கள். 1.25 மோல் வரும். அந்தத் தப்பு போய் மக்னீசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தப்பு செய்வதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும்.

5. குணகங்களை இப்போது தாராளமாகக் கூப்பிடுங்கள். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் ஆக்சைடு. 0.625 × 2 = 1.25 மோல். அதை 40ஆல் பெருக்கினால் 50 கிராம். 44 கிராம் போட்டு 50 கிராம் எடுத்துவிட்டீர்கள்! பொருண்மை அழியா விதியைக் காட்டி ஆட்சேபிக்க வேண்டிய லவாய்சியரின் தலையை 1794இலேயே பாரிஸில் வெட்டிவிட்டார்கள்.

6. மிச்சம் எவ்வளவு? 1.25 மோல் மக்னீசியம் வேண்டும், கையில் இருப்பது 1. ஆக மிச்சம் −0.25 மோல், அதாவது −6 கிராம். கூச்சப்படாமல் கழித்தல் குறியோடே எழுதுங்கள். 50இல் 6 போனால் 44. போட்டதும் 44. பொருண்மை அழியா விதி நிரூபணம்! அடியில் இரட்டைக் கோடு போட்டு, தாளை நூலால் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.