ஒளியின் வேக வரம்பை உயர்த்தக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: ஒளிவேகக் கட்டுப்பாட்டு ஆணையாளர், பிரபஞ்சப் போக்குவரத்துத் திணைக்களம்.

விடயம்: செக்கனுக்கு 299,792 கிலோமீற்றர் போதவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஓட்டுக் கூரைக்கு மேல் செய்மதி இணைய அன்ரெனா பூட்டியிருக்கும் பாவனையாளன் நான். கொழும்பில் இருக்கும் மகளுடன் வீடியோவில் கதைக்கிறேன். "சாப்பிட்டாச்சோ பிள்ளை?" என்று கேட்டு, பதில் வராததால் "காய்ச்சல் விட்டுதோ?" என்றும் கேட்கிறேன். அப்போதுதான் முதல் கேள்விக்குரிய "இல்லையப்பா" வந்து இறங்குகிறது.

இணைப்பு விற்றவரோ, "ஒளியை விட வேகமா ஒண்டும் போகாது ஐயா, நாங்கள் என்ன செய்யிறது?" என்று கையை விரித்துவிட்டார். குற்றவாளி தாங்கள்தான் என்று எழுத உட்கார்ந்தேன். கணக்குத்தான் இடிக்கிறது.

பழைய புவிநிலைச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நின்றன. கேள்வி ஏறியிறங்கி, பதிலும் ஏறியிறங்க ஏறத்தாழ அரைச் செக்கன். அப்போது வழக்குப் போட்டிருந்தால் வென்றிருப்பேன். இப்போதைய தாழ்சுற்றுச் செய்மதியின் உயரம் சுமார் 550 கிலோமீற்றர். அது நேர் உச்சியில் இருந்தால் அதே நாலு பயணத்துக்கும் தங்கள் ஆளுக்கு 8 மில்லிசெக்கன் போதும்.

மிச்ச நேரம் எங்கே போகிறது? செய்மதி நினைத்த இடத்தில் இறக்கிவிடாது. தரைநிலையம் உள்ள ஊரில்தான் இறக்கும். அது வேறு நாட்டில் என்றால் கொழும்புக்கான கேள்வி கடலடிக் கண்ணாடி இழையால் சுற்றித்தான் வரும். பின்னேரம் ஊரே படம் பார்க்கத் தொடங்க, கேள்வி வரிசையில் நிற்கும். செய்மதிகளில் பெரும்பாலானவை 53 பாகைச் சாய்வில் சுற்றுவதால் ஐரோப்பாவின் மேல் நெருக்கமாகவும் எங்கள் தலைக்கு மேல் ஐதாகவும் ஓடுகின்றன. மணிக்கு 27,000 கிலோமீற்றர் ஓடும் செய்மதியிடமிருந்து அடுத்ததற்கு அன்ரெனா தாவும் நேரம் பார்த்து வேலியோரப் பனையின் ஓலை குறுக்கே அசைந்தால், மகள் திறந்த வாயுடன் உறைந்து நிற்பாள். கார்த்திகை மழை வந்தால் அலையை நீர்த்துளிகளே குடித்துவிடும். கரண்ட் போனால் செய்மதி உச்சியில் நின்றும் பலனில்லை. அன்ரெனாவுக்கு 50 வாட்டுக்கு மேல் வேண்டும்.

எனவே வேகத்தை உயர்த்தும் கோரிக்கையை மீளப் பெறுகிறேன். இவ்வளவு பேர் கைபட்ட வேலையில் சொன்ன நேரத்துக்குச் செய்து முடித்தவர் தாங்கள் ஒருவரே.

வேறொரு கோரிக்கை உண்டு. விற்றவருக்கு நான் அனுப்பிய முறைப்பாடு ஒளிவேகத்தில் போனது. "விரைவில் தொடர்புகொள்வோம்" என்ற தானியங்கிப் பதிலும் அதே வேகத்தில் வந்தது. மனிதப் பதில்தான் இன்னும் புறப்படவில்லை. ஒளியின் அதிகூடிய வேகத்தை 1983 இல் ஒரு மீற்றரும் பிசகாமல் எழுதிவைத்தாயிற்று. முறைப்பாட்டுப் பிரிவுகளுக்கு அதிகுறைந்த வேகம் ஒன்றையும் நிர்ணயித்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள பாவனையாளன்

பிரதி: வருணபகவான் அலுவலகம் (தகவலுக்காக)