எள்ளைப் போட்டது யார்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் காலை எட்டரை மணிக்கு அந்தத் தடத்தில் போகும் டவுன் பஸ்ஸுக்குள் புழங்கும் ஆங்கிலத்தை லண்டன்காரர் ஒருவர் கேட்டால் பாதிக்கு மேல் அவருக்குப் பிடிபடாது. ரஷ், ஃபுல், டைட், ஜாம், ஹவுஸ்ஃபுல் என்று நெரிசலுக்கே அங்கே ஐந்து சொற்கள் உண்டு. நெரிசல் இல்லாத அபூர்வ நிலைக்கு ஃப்ரீ என்று ஒன்று. மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் ஐந்தையும் ‘கூட்டம் மிகுதி’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறார்கள். இது ஆய்வுலகம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழையன்று. இவற்றுள் எந்தச் சொல்லும் கூட்டத்தை அளப்பதே இல்லை, சொல்கிறவர் வாசலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று ஃபுல். படிக்கட்டில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்குகிறவர், “உள்ள போங்கண்ணே, நடுவுல காலியாத்தான கெடக்கு” என்கிறார். அடுத்த நிறுத்தத்துக்குள் அவர் ஒரு முழம் உள்ளே நகர்ந்துவிடுகிறார். உடனே கீழே நிற்பவரைப் பார்த்து, “ஃபுல்லுண்ணே, பின்னாடி வண்டி வருது” என்கிறார். இரண்டு பேச்சுக்கும் இடையில் பஸ் சுருங்கவில்லை. இறங்கியவரும் ஏறியவரும் இல்லை. அந்த ஒரு முழம்தான் அவர் கருத்தை மாற்றியிருக்கிறது. கண்டக்டர் அகராதியில் ஃபுல் என்ற சொல்லே கிடையாது. டைட் என்பது நடுக்கம்பியைப் பிடித்திருப்பவர் சொல். ஜாம் என்று சொல்பவர் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். அந்த ஜாமில் தன் வண்டியும் ஒரு துண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஹவுஸ்ஃபுல் தியேட்டர் வாசற்பலகையிலிருந்து இறங்கி வந்தது. கல்லாவில் இருப்பவர் சொல் அது என்பதால், முகம் மலர்ந்து சொல்லப்படும் நெரிசற்சொல் அது ஒன்றுதான்.

ரஷ் தனிக் கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் அது விரைவு, பாய்ச்சல், அவசரம். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் சந்நிதி வரிசையில் கால்மணி நேரத்துக்கு ஓர் அடி வீதம் ஊர்ந்தவர்களும் அதை ரஷ் என்றே சொல்கிறார்கள். வேகமே இல்லாத ஒன்றுக்கு வேகத்தின் பெயரை வைத்தது அறியாமை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இச்சொல்லை யார் சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும். வரிசைக்குள் நிற்பவர் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்கிறார். வீடு திரும்பிக் காலை நீட்டி உட்கார்ந்தவரும், இனிமேல்தான் கிளம்பவேண்டியவரும்தான் “கோயில்ல ஒரே ரஷ்ஷு” என்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கூட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகவே படும். ஃப்ரீயின் கதை சற்றுச் சோகமானது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபின், ஃப்ரீ பஸ் ஃப்ரீயாக வருவதில்லை என்ற வாக்கியம் முரண்பாடே இல்லாத உண்மையாகிவிட்டது. முதல் ஃப்ரீ டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது இடத்தைப் பற்றி.

நெரிசலை எண்ணால் அளந்தவர்கள் இருக்கிறார்களே என்று ஒரு தடை எழலாம். இருக்கிறார்கள். மும்பைப் புறநகர் ரயிலுக்காக இந்திய ரயில்வே வழங்கும் ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’ என்ற தொடர் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதைக் குறிக்கும். ஜப்பானிய ரயில்களின் நெரிசல் சதவீதத்தில் 150 என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்துத்தான் படிக்கலாம். 250 என்றால் கையையே அசைக்க முடியாது. அழகான அளவைகள்தாம். ஆனால் பதினாறு பேரில் ஒருவராக நிற்பவரால் மற்றப் பதினைந்து பேரை எண்ண முடியாது. கழுத்து திரும்பினால் அல்லவா? எண்ணியவர் வெளியே, அநேகமாக ஒரு மேசைக்குப் பின்னால், இருந்திருக்கிறார். இத்தடை நம் துணிபுக்கே முட்டுக்கொடுக்கிறது.

இரண்டாவது தடை தமிழார்வலர்களிடமிருந்து வரும். வாசற்பக்கம் பார்த்துப் பேசும் இந்தப் புத்தி ஆங்கிலச் சொற்களோடு வந்த வியாதி என்பார்கள். எள் போட்டால் எள் விழாது என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். எள்ளைப் போட்டது யார்? கூட்டத்துக்குள் இருப்பவரால் போட முடியாது. எள்ளை அள்ளக் கையை மடிக்கு இறக்கவேண்டுமே. போட்டவர் உயரத்தில் நிற்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரின் 192 அடி ராஜகோபுரத்தின் உச்சியிலிருந்து போட்டால் காற்று எள்ளை வேறு தெருவுக்குக் கொண்டுபோய்விடும். எனவே, போட்டவர் ரத வீதியில் ஒரு மாடி வீட்டுக்காரர் என்று கொள்வதே பொருத்தம். புளிமூட்டை இன்னும் நுட்பமானது. ராஜபாளையம் பஞ்சாலை ஊர். 170 கிலோ பஞ்சை அழுத்திக் கட்டிய பொதி அங்கே கண்ணெதிரே கிடக்கும்போது, பஸ் கூட்டத்துக்கு ஏன் புளியை உவமை தேடினார்கள்? பட்டையை வெட்டியதும் பஞ்சு உப்பிப் பழைய உருவுக்கு முயல்கிறது. புளி அமுக்கினது அமுக்கினதுதான். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியவரின் சட்டை எதைப் போன்றது என்று பார்த்தால் உவமையின் நியாயம் விளங்கும். இதுவும் இறங்கியபின் சொல்லும் சொல்தான். உள்ளே இருக்கும் வரை புளி பேசாது.

துணிபுக்கு அடங்காத இடம் ஒன்று இருப்பதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. ஆண்டாளும் ரங்கமன்னாரும் ஏறிய பெரிய தேர் ரத வீதியில் வரும்போது, மாடியில் எள். ஓரத்தில் நெரிசல் என்று ஒலிபெருக்கியில் எச்சரிக்கும் காவல்துறை. பலூன் விற்பவருக்கு ‘இந்த வருசம் பரவால்ல’. முனையில் மாற்றுப்பாதைக்குத் திருப்பிவிடப்பட்ட வண்டிக்குள் ஜாம். இதுவரை எல்லாம் விதிப்படி. வடம் பிடித்தவர்களிடம் வந்தால் விதி உடைகிறது. தோளோடு தோள் உரச, மூச்சு முட்ட, கூட்டத்தின் நட்டநடுவில் நிற்கிறவர்கள் அவர்கள். டைட் என்றோ ஃபுல் என்றோ அவர்கள் வாயில் வந்தாகவேண்டும். தேர் திருப்பத்தில் நின்றுவிடுகிறது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை விழுகிறது. வடத்திலிருந்து ஒரு குரல், எள் விழ இடமில்லாத அந்தத் தெருவைப் பார்த்துக் கத்துகிறது: “ஆள் பத்தலப்பா, இன்னும் வாங்க!”