வெட்டுவது வேறு, தட்டில் ஏற்றுவது வேறு

கேள்வி: கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி டிவிடியாக்க எந்த மென்பொருள் ஏற்றது?

பதில்: வெட்டி ஒட்டுவதும் டிவிடியாக்குவதும் தனித்தனி வேலைகள் என்பதால், இரண்டாவது வேலையும் தெரிந்த மென்பொருளே ஏற்றது. காட்சிகளை எம்பெக்-2 என்னும் சுருக்க முறைக்கு மாற்றி, ரிமோட்டால் தேர்ந்தெடுக்கும் மெனுவும் அமைப்பது ‘ஆதரிங்’ எனப்படும். அதைச் செய்யாமல் எம்பி4 கோப்பை அப்படியே தட்டில் பதித்தால், கணினியில் தாலி கட்டும் மாப்பிள்ளை பழைய டிவிடி பிளேயரில் மணவறைக்கே வரமாட்டார். ஒற்றை அடுக்குத் தட்டு 4.7 ஜிபி அளவே கொண்டது. நல்ல தரத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கொள்ளும் அதில் முழுச் சடங்கையும் திணித்தால், அட்சதை விழும் இடமெல்லாம் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். விண்டோஸ் 7இன் சில பதிப்புகளில் இருந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8இல் இல்லாமற்போனாலும், ஆதரிங்குக்கு இலவச டிவிடிஸ்டைலரே போதும். உறவினருக்குக் கொடுக்குமுன் ஒரு தட்டை எழுதி, வீட்டு பிளேயரில் முழுவதுமாக ஓட்டிப் பார்த்துவிடவும்.