அயர்லாந்தின் கோபுர வீடுகள்: கேள்வி – பதில்

கே: அயர்லாந்தில் வயல்களுக்கு நடுவே ஒற்றைக் கல் கோபுரங்கள் நிற்கின்றனவே, அவை கோட்டையா, வீடா?

ப: பூட்டுப் பெரிதான வீடு! 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கேலிக் எனப்படும் பூர்வீக ஐரிஷ் குலத் தலைவர்களும் ஆங்கிலேய வழிவந்த நிலக்கிழார்களும் குடும்பத்தோடு வாழக் கட்டியவை. மாடு திருட வரும் பக்கத்து ஊர்க் கூட்டத்தை ஒரு ராத்திரி வெளியே நிறுத்தினால் போதும் என்பதே கணக்கு. மாடுகளை ‘பான்’ என்னும் மதில் முற்றத்துக்குள் ஓட்டிவிடுவார்கள்.

கே: கட்டுவதற்கு மானியம் கொடுத்தார்களாமே?

ப: ஆமாம். 1429-ல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றியின் ஆட்சியில் டப்ளின், மீத், கில்டேர், லூத் பகுதிகளுக்கு மட்டும். 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரத்தில் கட்டினால் 10 பவுண்டு. ஆனால் மன்னரின் சொல் எடுபடாத லிமெரிக், கால்வே, கிளேர் பக்கம்தான் கோபுரங்கள் மண்டிக் கிடக்கின்றன. மானியத்தைவிட அண்டை வீட்டாரின் மேலிருந்த பயம்தான் அதிகம் கட்டவைத்தது என்பேன்.

கே: கதவை உடைத்து நுழைந்துவிட்டால்?

ப: குறுகலான நடைக்கூடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தலைக்கு மேலே ‘கொலைத்துளை’. அதன் வழியாகக் கல் விழும். தப்பினால், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடிகிற சுழல் படிக்கட்டு. மேலே நின்று காப்பவரின் வலக்கை வாள் வீச்சுக்கு வசதியாகவே அது வலப்புறம் சுழல்கிறது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இடப்புறம் சுழல்பவையும் இருப்பதால் அதை நம்ப எனக்கு மனமில்லை.

கே: பிளார்னி கோபுரத்தின் புகழ்பெற்ற கல்லை முத்தமிட ஏன் மல்லாந்து தொங்க வேண்டும்?

ப: 1446-ல் கார்மக் மெக்கார்த்தி கட்டிய அந்தக் கோபுரத்தின் உச்சியில், கைப்பிடிச் சுவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கோபுரச் சுவருக்கும் அதற்கும் இடையில் உள்ள சந்து, கீழே நிற்கும் எதிரியின் மேல் கல்லைப் போடுவதற்கு. முத்தமிடப்படும் கல் அந்தச் சந்துக்கு அப்பால் இருக்கிறது.

கே: உள்ளே போனால் எதைத் தவறவிடக் கூடாது?

ப: கூரையை! வளைவுக் கூரை கட்ட அன்றைக்கும் சென்ட்ரிங் உண்டு. மரச்சட்டத்தின் மேல் குச்சிகளை முடைந்து விரித்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தும் கல்லும் இட்டார்கள். நம் கான்கிரீட் தளத்தின் அடியில் பலகை வரிகள் பதிவதுபோல, குச்சிப் பின்னல் சாந்தில் அப்படியே பதிந்திருக்கிறது. சில இடங்களில் குச்சித் துணுக்குகூட ஒட்டியிருக்கும். கட்டடத் தொழிலாளியின் கைவேலையை இவ்வளவு கிட்டத்தில் அரண்மனைகள்கூடக் காட்டுவதில்லை.

கே: பிரபலங்கள் யாராவது குடியிருந்தார்களா?

ப: தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதிய கவிஞர் யேட்ஸ். 1917-ல் கால்வேயின் தூர் பாலிலீ கோபுரத்தை 35 பவுண்டுக்கு வாங்கிப் பழுதுபார்த்து, கோடைகாலங்களில் குடும்பத்தோடு தங்கினார். 1928-ல் வந்த அவருடைய கவிதை நூலின் பெயரே ‘கோபுரம்’. குளிர்காலத்தில் பக்கத்து ஆறு பெருகினால் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிவிடும்; போவதானால் கோடையில் போங்கள்.