பெரியவங்க வர்ற வரைக்கும்

அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத தொடர்பு வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கட்டியதுதான் இன்டர்நெட் என்றொரு வீரகதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வலையைக் கட்டக் காசு கேட்டுப் போன பாப் டெய்லரின் குறை வேறு. 1966-ல் பென்டகனில் அவர் வசம் மூன்று டெர்மினல்கள்: எம்ஐடிக்கு ஒன்று, பெர்க்லிக்கு ஒன்று, சாண்டா மோனிகாவுக்கு ஒன்று. மூன்றுக்கும் மூன்று விதக் கட்டளைகள். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக மனுஷன் நாற்காலி மாற வேண்டும். மேலதிகாரி சார்லஸ் ஹெர்ஸ்ஃபெல்டிடம் இருபது நிமிஷம் அலுத்துக்கொண்டார். பத்து லட்சம் டாலரோடு திரும்பினார்.

அணுகுண்டுக்கு நிஜமாகவே கவலைப்பட்டவர் பால் பாரன். செய்தியைத் துண்டு போட்டு அனுப்பலாம் என்று 1960-களின் தொடக்கத்திலேயே சொன்னவர். அந்தக் காலத்து டெலிபோன், கல்யாண கோஷ்டி தனி பஸ் பிடிக்கிற முறை. பேசி முடிக்கும்வரை தடம் முழுக்க உங்களுக்கே. பாக்கெட் முறையில், ஆளுக்கொரு நம்பர் சீட்டைக் கொடுத்துக் கிடைத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். மண்டபத்தில் நம்பர் வரிசைப்படி உட்கார்ந்தால் போதும். வழியில் ஒரு மாமா தொலைந்தால் அதே மாமாவுக்கு இன்னொரு பிரதி எடுத்து அனுப்பிக்கொள்ளலாம். ஏடி அண்ட் டியின் டெலிபோன் மேதைகள் இதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

சீட்டைப் பார்த்து வழி சொல்லும் பெட்டியை, அதாவது இன்றைய ரவுட்டரின் தாத்தாவை, பிபிஎன் கம்பெனி செய்தது. பெயர் 'இன்டர்ஃபேஸ் மெசேஜ் பிராசசர்'. செனட்டர் எட்வர்ட் கென்னடி வாழ்த்துத் தந்தி அடித்தார், 'இன்டர்ஃபெய்த்' என்று. சர்வமத சமரசத்துக்கு மெஷின் செய்துவிட்டார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டி ரெடி. கம்ப்யூட்டர்கள் அதன் வழியே என்ன பாஷையில் பேசிக்கொள்வது? அந்தப் பொறுப்பு மாணவர்கள் தலையில் விழுந்தது. கிழக்கே இருந்து விவரம் தெரிந்த பெரியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள், அதுவரை குறிப்பெழுதி வைப்போம் என்று இருந்தார்கள். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியக் கூடாது என்று அவர்களில் ஒருவரான ஸ்டீவ் கிராக்கர் அந்தக் குறிப்புகளுக்கு 'கருத்துச் சொல்லுங்கள்' என்கிற தொனியில் ஆர்எஃப்சி என்று பெயர் வைத்தார். முதல் குறிப்பு 1969 ஏப்ரலில் வந்தது. நண்பர்கள் தூங்குகிறார்களே என்று பாத்ரூமில் உட்கார்ந்து எழுதியது. பெரியவர்கள் வரவேயில்லை. இன்று ஆர்எஃப்சி ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. உலகமே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது.

1969 அக்டோபர் 29, இரவு பத்தரை. லாஸ் ஏஞ்சலீஸில் மாணவர் சார்லி கிளைன், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பில் டுவால். எதற்கும் இருக்கட்டும் என்று காதில் டெலிபோன் வேறு. 'லாகின்' என்று அடிக்க வேண்டும். எல் போய்ச் சேர்ந்தது. ஓ போய்ச் சேர்ந்தது. ஜி அடித்ததும் அந்தப் பக்க மெஷினுக்கு ஆர்வக்கோளாறு. என்ன வரப்போகிறது என்று தானே ஊகித்து, மிச்ச எழுத்துகளையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியது. ஒரே ஓர் எழுத்துக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். படுத்துவிட்டது. இந்த நெட்வொர்க்கின் முதல் செய்தி இரண்டே எழுத்து. கூடவே முதல் கிராஷும் இலவசம்.

அப்புறம் வளர்ந்தது, அதுவும் ஒப்பேற்றித்தான். கம்ப்யூட்டர்களின் பெயர்ப் பட்டியல் ஒற்றை ஃபைலில், அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழுவிடம் இருந்தது. பெயர் வேண்டுமென்றால் ஆபீஸ் நேரத்தில் போன் போட வேண்டும். 1983-ல் பால் மோக்காபெட்ரிஸ் டிஎன்எஸ் கொண்டுவந்து அவர்களைக் காப்பாற்றினார்.

அதே வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி எல்லோரும் டிசிபி/ஐபி என்கிற புது பாஷைக்கு மாறியாக வேண்டும் என்று உத்தரவு. யாரும் அசையவில்லை. 1982-லேயே வின்ட் செர்ஃப் பழைய முறையை ஒரு நாள் அணைத்துக் காட்டினார்; பிறகு இரண்டு நாள். அலறியடித்து மாறியவர்கள், பிழைத்துவிட்டோம் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

ஐபி முகவரிக்கு 32 பிட் போதும் என்று முடிவு செய்தவரும் செர்ஃப்தான். சோதனைக்குத்தானே என்று நினைத்தாராம். மொத்தம் 429 கோடி முகவரிகள். மொத்தக் கிடங்கு 2011-ல் காலி. நல்லவேளை, அதற்கு முன்பே நாட் என்றொரு சாமர்த்தியம் வந்திருந்தது: வீட்டுக்குள் எத்தனை போன் இருந்தாலும் வெளியே ஒரே முகவரி. உங்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1.1, எதிர்வீட்டு ரவுட்டரும் 192.168.1.1 என்றிருந்தாலும் சண்டை வராதது அதனால்தான். 1994-ல் நாட்டை முன்வைத்த ஆர்எஃப்சியிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது, இது குறுகிய கால ஏற்பாடு என்று.