பாயும் மின்சாரமும்

கேள்வி: அன்னபூரணியைப் போல ஒரு பாய்க்கப்பலைக் கட்டி, உள்ளே மின்மோட்டரைப் பூட்டி நெடுந்தீவுக்கு ஓட்டினால் அது அளாப்பல் இல்லையா?
– வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: உயிர்காப்பு அங்கி வைத்தாலும் அளாப்பலா? வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டரைத் தொட்டது. காற்று விழுந்தால் காத்திருக்க அதன் மாலுமிகளுக்குப் பொறுமை இருந்தது. நெடுந்தீவுக்குப் போகக் குறிகாட்டுவான் துறையில் நிற்கும் பயணிக்கு ஏது? பாய்க்கப்பலின் அடியில் எப்படியும் பாரம் வேண்டும், கல்லுக்குப் பதில் பற்றரி இருக்கட்டுமே. பாயில் ஓடும்போது தண்ணீர் சுழற்றும் புறொப்பெல்லர், வேகத்தைக் கொஞ்சம் தின்றுகொண்டு, பற்றரிக்குச் சார்ஜும் ஏற்றும். 'நெடுந்தீவின் மின்சாரமே நெடுங்காலம் டீசலில் பிறந்ததுதானே' என்று மடக்குவீர்கள். நியாயம்தான், ஆகவே மோட்டர் இறங்குதுறைக்குள் நுழைய மட்டும், கடலில் சோழகக் காற்றே சாரதி. சோழகத்துக்கு இன்னும் யாரும் மீற்றர் பூட்டவில்லை.